மார்கழியில் பூக்கும் உப்புமண்

திருவருகைக்காலம் தொடங்கிவிட்டால் நம் பங்குகளில் பஞ்சு வாங்கும் படலமும் தொடங்கிவிடும். குடிலின் கூரையிலே பஞ்சு, இடையர்களின் தலையிலே பஞ்சு, ஒட்டகத்தின் முதுகிலும் பஞ்சு. பெத்லகேமில் பனி பெய்கிறதாம்! கூடவே பொன்னேரிக் கடைத்தெருவில் வாங்கிய பிளாஸ்டிக் பூச்சரங்கள். சென்ற ஆண்டுத் தூசியோடு பெட்டியிலிருந்து வெளிவரும் பச்சைக் காகித மரம். இவற்றையெல்லாம் இளைஞர்கள் கட்டிக்கொண்டிருக்கும் அதே வேளையில், கோவில் மதிலுக்கு அப்பால் பூவரசும் அகத்தியும் டிசம்பர் பூவும் பூத்து நிற்கும். அவற்றை ஏறிட்டுப் பார்ப்பார் இலர்.

இளைஞர்களைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. இரவெல்லாம் கண்விழித்துக் குடில் கட்டுகிறவர்கள் அவர்கள்தாம். ஐரோப்பிய வாழ்த்து அட்டைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறைகள் நாம்; கிறிஸ்து பிறப்பு என்றாலே வெண்பனி என்பது நம் மனத்தில் ஊறிப்போயிற்று. ஐரோப்பிய மக்களுக்கு அது பொருந்தும். அவர்களுடைய குளிர்காலத் தோட்டம் பெரும்பாலும் வெறுங்கிளைகளின் தோட்டம். ஆகவே அந்நாளில் பூக்கும் ஒன்றிரண்டு மரஞ்செடிகளை அவர்கள் அதிசயம்போல் போற்றினார்கள். இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி என்னும் ஊரில் கிறிஸ்து பிறப்பையொட்டிப் பூக்கும் முள்மரம் ஒன்று இருந்தது. அரிமத்தியா ஊர் யோசேப்பு ஊன்றிய கோல் தளிர்த்து மரமாயிற்று என்பது அம்மக்களின் வழக்கு. 1752ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு நாட்காட்டியைத் திருத்தி 11 நாட்களை நீக்கியபோது, எது மெய்யான கிறிஸ்து பிறப்பு நாள் என்ற ஐயம் மக்களிடையே எழுந்தது. குயின்டன் என்னும் சிற்றூரில் அம்மரத்தின் வழிவந்ததாகக் கருதப்பட்ட முள்மரம் ஒன்று நின்றது. புதிய கணக்கின்படி டிசம்பர் 24 இரவு, விளக்கும் கையுமாகப் பெருங்கூட்டம் அதைச் சூழ்ந்துகொண்டது. மரம் பூக்கவில்லை. அரசு சொன்னால் போதுமா, மரம் சொல்ல வேண்டாமா என்று கூடியிருந்தோர் புதிய நாளைக் கொண்டாட மறுத்துவிட்டார்கள்! அறியாமை என்று நாம் நகைக்கலாம். ஆயினும் தம் ஊர் மரம் எந்த வாரத்தில் பூக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

பெத்லகேம் பனிநாட்டு ஊர் அன்று. யூதேய மலைமேட்டில் எப்போதாவது ஒருநாள் பனித்தூவல் விழுவதுண்டு. மற்றபடி அதன் குளிர்காலத்தை ஆள்வது மழையே. கோடை முழுவதும் காய்ந்து வெடித்த நிலத்தின்மீது ஐப்பசி, கார்த்திகையில் முன்மாரி இறங்கும். விவிலியத்தில் முன்மாரி, பின்மாரி என்று படிக்கிறோமே, அந்த முன்மாரிதான். மண் நனைந்ததும் நார்சிஸும் சைக்ளமெனும் சிவந்த அனிமோனியும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாறை இடுக்குகளில் பூக்கத் தொடங்கும். தை மாதக் கடைசியில், இலை விடுவதற்கு முன்பே, வாதுமை மரம் வெள்ளைப் பூக்களால் தன்னை மூடிக்கொள்ளும். மற்ற மரங்கள் உறங்கும்போது விழித்துக்கொள்ளும் மரமாதலால் எபிரேய மொழியில் அதற்கு 'ஷாக்கேத்' என்று பெயர். எரேமியா இறைவாக்கினர் தம் அழைத்தலின்போது கண்டது இம்மரத்தின் கிளையைத்தான். 'ஷோக்கேத்' என்றால் விழித்திருப்பவர். சொல்லும் சொல்லும் ஒலியால் உறவாடுகிற அந்த இடத்தை மொழிபெயர்ப்பில் கொண்டுவர இயலாது. நம் விவிலியத்தில் அடிக்குறிப்பாகவே அது நிற்க முடியும். நம் தெருக்களில் நிற்கும் நாட்டு வாதுமை இதுவன்று என்பதையும் சொல்லி வைக்கிறேன். சிறுவர்கள் கல்லெறிந்து காய் உதிர்க்கும் அந்த மரம் குளிர்காலத்தில் இலை சிவந்து உதிர்க்குமேயன்றிப் பூப்பதில்லை.

ஆக, ஆண்டவர் பிறந்த ஊரின் குளிர்காலம், கோடை வெயிலுக்குப்பின் மழை, மழைக்குப்பின் பூ என்னும் முறையில் அமைந்தது. நம் பழவேற்காட்டின் முறையும் அதுவே.

இந்த ஏரிக்கரையில் வாழ்வோருக்கு உப்பைப் பற்றி நான் பாடம் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும் மார்கழியில் நம் கரை பூப்பதன் காரணத்தை இளையோருக்காக விளக்க விரும்புகிறேன். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைக்கும். ஆரணியாறும் காளங்கியாறும் வற்றும். வெயில் தண்ணீரைக் குடித்துவிட, எஞ்சிய ஏரிநீரில் உப்பு ஏறிக்கொண்டே போகும். கரையோரக் கிணறுகளும் அப்போது கரிக்கத் தொடங்கும். பின்னர் வடகிழக்குப் பருவமழை வருகிறது. ஆறுகள் ஏரியை நிரப்புகின்றன. முகத்துவாரம் உடைத்துக்கொண்டு கடலோடு கலக்கிறது. மணலில் படிந்த உப்பை மழை கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்ததாதலால், மணலுக்குள் இறங்கிய மழைநீர் அடியிலுள்ள உப்புநீரின்மேல், பாலின்மேல் ஆடை படிவதுபோல, மிதந்து நிற்கிறது. கார்த்திகை முதல் மாசி வரையில் நம் செடிகளின் வேருக்கு எட்டுவது இந்த ஆடைதான். வெயிலும் தணிந்திருக்கிறது, மண்ணிலும் இனிமை இருக்கிறது. இந்த நான்கு மாதங்களே நம் கரையின் வசந்தம்.

ஏரியும் தன் பங்குக்கு அப்போது பூக்கிறது. வலசை வரும் பூநாரைகள் சேற்றுநீரில் ஆயிரக்கணக்கில் நின்று, தூரத்தில் பார்ப்பவர்க்கு இளஞ்சிவப்புப் பாத்தி போலத் தெரியும். நாரைக்குப் பூ என்று அடைமொழி கொடுத்த முன்னோரின் கண்ணை மெச்சத்தான் வேண்டும்.

இனி, பூக்களுக்கு வருவோம். சிறியதிலிருந்து தொடங்குகிறேன். ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று கிணற்றடியிலும் வேலியோரத்திலும் பூக்கும் செடியை நம் பெண்கள் டிசம்பர் பூ என்றே அழைக்கிறார்கள். மணம் கிடையாது, ஆயினும் கதம்பத்தில் அது இல்லாவிட்டால் நிறம் எடுக்காது. தமிழ் மாதமான மார்கழியின் பெயரை விட்டு, கிறிஸ்து பிறந்த மாதத்தின் பெயரை இந்தச் செடிக்கு மக்கள் வழங்கியிருப்பது எனக்கு எப்போதும் இன்பம் தருவது. இதைவிட வியப்பு ஒன்று உண்டு. தாவர நூலார் இதன் இனத்தை 'பார்லேரியா' என்பர். 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சாக் பாரெலியே என்னும் பிரெஞ்சுத் துறவியின் பெயர் அது. அவர் தோமினிக்கன் சபையினர், செடிகளைத் தேடி ஐரோப்பாவில் நெடும்பயணம் செய்தவர். அவர் நினைவாக இப்பெயரை இட்டவரும் ஒரு துறவிதான்: மினிம் சபையைச் சேர்ந்த சார்ல் புளூமியே. இவர் பெயரையே பின்னர் ஈழத்தலரிக்கு இட்டு, 'புளூமேரியா' என்றனர். குன்னூர், உதகைத் தோட்டங்களில் குளிர்காலத்தில் பூக்கும் கமேலியாவும், பிலிப்பைன்ஸ் நாட்டில் மருந்தகம் நடத்திய இயேசு சபைச் சகோதரர் ஜார்ஜ் யோசேப்பு கமேலின் பெயரைத் தாங்கியதே. தேயிலைச் செடியும் அந்த இனத்ததாகையால், காலைத் திருப்பலி முடிந்து நாம் அருந்தும் தேநீரிலும் அச்சகோதரரின் பெயர் மறைந்திருக்கிறது. துறவிகள் செபமாலை உருட்டியதோடு நிற்கவில்லை என்பதை மறைக்கல்வி மாணவர்களுக்குச் சொல்லுங்கள்.

மேல்நாட்டு அட்டைகளில் சிவப்பாகத் தெரியும் 'பாயின்செட்டியா'வை இப்போது நம் நாற்றுப்பண்ணைகளிலும் கிறிஸ்துமஸ் செடி என்று விற்கிறார்கள். அது பனிநாட்டுச் செடி என்று பலர் எண்ணுவர்; உண்மையில் மெக்சிகோ நாட்டின் வெப்பமான மலைச்சரிவுகளில் தானே முளைக்கும் புதர்தான். அந்நாட்டார் அதைக் கிறிஸ்து பிறப்பின் திருவிரவுப் பெயரால் அழைக்கிறார்கள். சிவந்திருப்பது இலை, பூ நடுவிலே மஞ்சளாக, மிளகளவில் இருக்கும். நம் காகிதப் பூவும் அவ்வாறே: வண்ணமெல்லாம் இலை, உள்ளே இருக்கும் வெள்ளைத் துளியே பூ. பாயின்செட்டியா இரவின் நீளத்தை அளந்து பூக்கிறது. நம் ஊரில் மார்கழி இரவு ஏறத்தாழ 12 மணி 40 நிமிடம் நீடிக்கும். அந்த நீண்ட இருள் பல வாரங்கள் தொடர்ந்தால்தான் அதன் இலை சிவக்கும். சில செடிகள் இவ்வாறு இரவும் பகலும் பார்த்துப் பூக்கும் என்பதை 1920ஆம் ஆண்டில் அமெரிக்க அறிவியலார் கார்னர், அல்லார்டு இருவரும் விளக்கினர். சாமந்தியும் இவ்வகையே, பயிரிடுவோர் இரவில் விளக்கெரித்து அதன் பூப்பைத் தள்ளிவைப்பதுண்டு. ஆகவே இச்செடியை வாங்கியவர்கள் தெருவிளக்கின் கீழே வைத்துவிட்டு, பச்சையாகவே நிற்கிறதே என்று வருந்த வேண்டாம். ஆவணி, புரட்டாசியிலிருந்தே வெளிச்சம் படாத மூலையில் வையுங்கள்.

அகத்தியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. விரைவில் வளரும், மழை முடிந்ததும் கிளி மூக்குப் போன்ற பூக்களைத் தொங்கவிடும், பூவும் கீரையும் சட்டிக்குப் போகும். புயற்காற்றில் முறியும், முறிந்தால் மறுபடி நட்டுக்கொள்ளலாம்.

பூவரசைப் பற்றியோ எத்தனை சொன்னாலும் தகும். நம் குப்பங்களுக்கென்றே ஆண்டவர் படைத்த மரம் அது. அதன் விதை கடலலையில் மிதந்து பயணம் செய்து, ஒதுங்கிய கரையில் முளைக்கும் ஆற்றல் உடையது. உப்புக் காற்றுக்கும் உவர்மண்ணுக்கும் அஞ்சாது. ஆண்டு முழுவதும் பூக்கும். நம் கரையில் மழைக்குப் பின்னர் அது இலை தெரியச் செழித்துப் பூப்பதைக் காணலாம். காலையில் எலுமிச்சை மஞ்சளாக, நடுவிலே செங்கறையோடு மலரும் பூ, மாலைக்குள் சிவந்து சுருங்கி உதிரத் தொடங்கும். ஆங்கிலத்தில் இம்மரத்தைப் 'போர்ஷியா' என்பது நம் பூவரசு என்ற சொல்லின் திரிபேயாகும். இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை நம் கரையில் முன்பு இருந்ததில்லை. மார்கழி வாசலில் சாணப் பிள்ளையின்மேல் பரங்கிப் பூ கிடைக்காத நாளில் அண்டை வீட்டார் பூவரசம் பூவைச் செருகுவார்கள். வண்டிச் சக்கரத்திற்கும் படகின் வளைந்த உறுப்புகளுக்கும் இதன் மரம் பெயர்பெற்றது. ஆகவே ஒரு தகப்பன் பூவரசு நட்டால், மகனுக்குப் படகுக்கு மரம் நட்டதாகவே பொருள்.

அந்தப் பொருள் இப்போது இல்லாமற் போயிற்று. ஃபைபர் படகு வந்தது. 2004ஆம் ஆண்டுக்குப் பின் நிவாரணமாகவும் அது ஏராளமாக வழங்கப்பட்டது. மரப்படகு கட்டும் தச்சர் குறைந்தனர். பூவரசை நடுவதற்கு இருந்த காரணமும் மக்கள் மனத்திலிருந்து நழுவிற்று. இதற்காக ஃபைபர் படகைப் பழிக்க மாட்டேன். அது இலகுவானது, உயிர் காப்பது. ஆனால் மரம் படகுக்கு மட்டுமா?

புன்னையும் நம்முடையதே. சங்கப் புலவர் நெய்தல் நிலத்தைப் பாடும்போதெல்லாம் வெள்ளிதழும் பொன்தாதுமாக இம்மரத்தைக் கொண்டுவந்து நிறுத்துவர். நற்றிணையில் ஒரு பெண், தன் தாய் புன்னையைத் தன் உடன்பிறந்தாள் என்று சொல்லியிருப்பதால், அதன் நிழலில் காதலனோடு நகையாடக் கூசுகிறாள். பெரும்பாலும் ஆண்டில் இருமுறை பூக்கும் இம்மரத்தின் ஒரு பூப்பு, மழைக்காலத்தையொட்டி வரும். வித்தின் எண்ணெய் விளக்குக்கும் படகுக்கும் பயன்பட்டது. மெல்ல வளரும் மரம். நடுகிறவர் பொறுமை உடையவராயிருக்க வேண்டும். பேரப்பிள்ளை பெற்றவர்கள் நடட்டும் என்பது என் எண்ணம்.

சென்னைத் தோட்டங்களில் கார்த்திகை, மார்கழியில் பூத்து விடியற்காலையில் தரையை வெள்ளைவெளேர் என்று ஆக்கும் மரமல்லியைப் பார்த்துவிட்டு, அதன் கன்று வேண்டும் என்று கேட்போர் உண்டு. மணத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் உயரமாக வளர்ந்து எளிதில் முறியும் மரம் அது. நம் பூமாதமே புயல்மாதமும் ஆகும் என்பதை மறக்கலாகாது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையையொட்டிக் கரை கடந்தபோது, அழகுக்காக வைத்த அயல்நாட்டு நிழல்மரங்கள் வேரோடு சாய்ந்து சாலைகளை அடைத்ததை நாம் பார்த்தோம். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயலும் நம்மை விட்டுவைக்கவில்லை. ஆகவே வீட்டுக்கும் கடலுக்கும் இடையே பூவரசும் புன்னையும் நிற்கட்டும். மரமல்லிக்கு ஆசைப்படுவோர் பவளமல்லியோடு மனநிறைவு கொள்ளட்டும். தாழ்ந்த மரம்; விழுந்தாலும் யார் கூரையும் போகாது.

மரம் பற்றிய பேச்சில் நம் ஊர்ப் பெயரையும் எண்ணிப் பார்க்கலாம். பழைய வேல மரக்காடு என்பதால் பழவேற்காடு என்று பொருள் சொல்வர். போர்ச்சுக்கீசியர் வந்து, 1515இல் மகிமை மாதாவுக்கு இங்கே கோவில் எழுந்தது என்பது நம் மரபு. 1613இல் டச்சுக்காரர் கோட்டை கட்டினர். இவர்களுக்கெல்லாம் முன்பே ஊருக்குப் பெயர் கொடுத்தவை மரங்கள். இன்று எங்கு நோக்கினும் சீமைக் கருவேல். விறகுக்கு உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் தன்னருகே வேறொன்றைத் தலையெடுக்க விடாத குணம் அதற்கு.

நான் இவ்வளவு விரித்து எழுதுவதன் காரணம் குடில் அலங்காரம் மட்டும் அன்று. 2004ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடல் ஊருக்குள் வந்ததை எந்தக் குடும்பமும் மறக்கவில்லை. நம் கரையெங்கும், உப்புநீர் நின்ற தோட்டங்களில் செடிகொடிகள் கருகின. அடுத்த ஆண்டு பெய்த பெருமழை மணலின் உப்பைப் பெருமளவு கழுவிக்கொண்டு போயிற்று, மண் மன்னித்துவிட்டது. பின்னர்க் கான்கிரீட் வீடுகள் வரிசையாக எழுந்தன. கூரை வீட்டுக்கு அவை எவ்வளவோ மேல். ஆனால் பல குடியிருப்புகளில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மர நிழல் இல்லை. பங்குனி, சித்திரையில் நண்பகல் வரை கருவாடு உலர்த்தித் திருப்பும் தாய்மார், தலைத்துணியை நனைத்துப் போட்டுக்கொண்டு சுவர் நிழலில் ஒண்டுகிறார்கள். அவர்களுள் ஒருவர் என்னிடம், "சாமி, இந்த உப்புத் தண்ணியில எந்தச் செடி நிக்கும்? நட்டதெல்லாம் சித்திரையில செத்துப்போவுது" என்றார். அவர் நட்டவை நகரத்து நாற்றுப்பண்ணைச் செடிகள். நட்ட மாதம் தை. வேர் ஆழம் போவதற்குள் நன்னீர் ஆடை வற்றிவிட்டது. ஐப்பசி முதல் மழையில் பூவரசு நட்டிருந்தால் அவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

திருவழிபாட்டைப் பற்றியும் ஒரு சொல். திருவருகைக்காலத்தில் பீடத்தை மலர்களால் அலங்கரிப்பதில் மிதம் வேண்டும், பிறப்பு விழாவின் முழு மகிழ்ச்சியை முந்திக்கொள்ளலாகாது என்று உரோமைத் திருப்பலி நூலின் பொது விதிமுறைகள் 305ஆம் பத்தியில் கூறுகின்றன. பூக்களைப் பீடத்தின் மேலன்றி அதைச் சுற்றி வைப்பதே முறை என்பதும் அங்கேயே உண்டு. தவக்காலத்திலோ, நான்காம் ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் நீங்கலாக, பீடத்திற்கு மலரே இல்லை. கல்யாண முருங்கையும் புரசும் வெளியே தீப்பிடித்தாற்போல் பூத்து நிற்கும் மாசி, பங்குனியில் உள்ளே பீடம் வெறுமையாயிருப்பது, இந்நாட்டுத் தோட்டக்காரனுக்குக் கடினமான நோன்புதான்! திருவருகைக்காலத்தின் மிதத்தை நாம் இப்படிக் காக்கலாம்: 24ஆம் நாள் மாலை வரையில் ஒரு சிறு குவளை போதும். அன்று மாலை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி பூ குடிலுக்கு வரட்டும். எந்த வீட்டில் எது பூத்ததோ அது. காகிதப் பூவானாலும், வேலியோரப் பூளையானாலும் சரி. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூளை பாலன் இயேசுவின் தொட்டிலுக்கு ஆகாததன்று. 1223ஆம் ஆண்டு கிரெச்சோ ஊரில் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் அவ்வூர் வைக்கோலும் அவ்வூர் மாடும் கழுதையுமே இருந்தன. பிளாஸ்டிக் பூ வாடுவதில்லை என்று அதைப் புகழ்வோர் உளர். வாடுவதற்காகவே பீடத்தருகே பூ வைக்கிறோம் என்பது அவர்களுக்கு என் பதில்.

நடுவோருக்குச் சில குறிப்புகள். பூவரசுப் போத்து நட்டால் விரைவில் நிழல் தரும்; ஆனால் விதையில் முளைத்த மரமே நேராக உயரும். விதையின் தடித்த தோலைக் கல்லில் சிறிது தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து விதையுங்கள். குழியில் கடல்மணலை மட்டும் இட்டு மூடாமல், மக்கிய சாணமும் கருவாட்டுக் கழிவை மக்கவைத்த மண்ணும் கலந்திடுங்கள். கழிவின் உப்பை முன்னதாகவே மழையில் கழுவவிட வேண்டும். முதல் இரண்டு ஆண்டு ஆடு கடிக்காமல் பழைய வலையைச் சுற்றிக் கட்டுங்கள். ஏரியில் கிழிந்த வலைக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. டிசம்பர் பூவுக்குத் தொட்டியும் பாத்திரம் கழுவிய நீரும் போதும்.

குடிலுக்குப் பச்சைப் புல் வேண்டுவோர் காகிதச் சுருளைத் தேட வேண்டாம். தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகை டிசம்பர் 12ஆம் நாளுக்குள் தூவிவிடுங்கள். 24ஆம் நாள் மாலைக்குள் வேண்டிய உயரம் வந்துவிடும்.